ஓய்வறைக்கு வாங்கிய சூரியன்

போன வாரம் எங்கள் ஊழியர் ஓய்வறைக்கு ஒரு சூரியன் வந்து சேர்ந்தது, அட்டைப்பெட்டியில். சிலேட்டு அளவில் வெள்ளையாக ஒரு விளக்கு; சுவிட்சைப் போட்டால் கண் கூசும். அது வந்ததற்குக் காரணம் நான்தான்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பது. இந்த வேலைக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை என்று இல்லங்களுக்கு இப்போது மானியம் கிடைக்கிறது. ஆளைச் சேர்க்க வேண்டும், சேர்ந்தவரைத் தக்கவைக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பணம். எங்கள் மேனேஜர் ஃபியோனா தங்கமான மனுஷி. 'நீங்கள் இங்கேயே இருக்க என்ன வேண்டும்?' என்ற ஒரே கேள்வியோடு எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். நான் எழுதினேன்: 'குளிர்காலத்தில் மூன்றரைக்கே பொழுது இறங்கிவிடுகிறது. அதுதான் என்னால் முடியவில்லை.'

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாங்கள் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது இறங்கினால் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எதையும் வைப்பதில்லை. இது உலகத்துக்கே தெரியும் என்று என் மரமண்டைக்கு ஒரு நினைப்பு! இங்கே எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் மாலை ஐந்து மணி. அதற்குள் வெளியே கும்மிருட்டு. மதியம் ஒன்றரைக்கு ஒரு கால்மணி நேரம் கிடைக்கும்; அதை ஊரில் இருக்கும் நைனாவோடு பேசச் செலவழித்துவிடுவேன். பிறகு மறுநாள் வரை பட்டினி. ஃபியோனாவோ, பாவம், வெயில் நாட்டுக்காரன் இருட்டைப் பார்த்து மனம் உடைந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். மானியத்தில் அந்த விளக்கை வாங்கி வைத்து, "இனி உனக்கும் சூரியன் உண்டு" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நன்றி சொல்லித் தொலைத்தேன்.

அந்த விளக்கின் முன்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது அம்மாவும் நைனாவும் போடும் சண்டைதான் ஞாபகம் வந்தது. செஞ்சியில் பொழுது கோட்டை மலைக்குப் பின்னால்தான் இறங்கும். நைனா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். யாராவது ஒரு குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து நேரத்தைக் கடத்தியிருப்பார்கள். அரக்கப்பரக்க ஓடி வருவார். அதற்குள் அம்மா தட்டை எடுத்துவிடுவாள். "மல மூடிச்சி. அவ்ளோதான்." நைனா விடமாட்டார். "மலதாண்டி மூடிச்சி, பொழுதா மூடிச்சி? அந்தப் பக்கம் போய்ப் பாரு, இன்னும் வெளிச்சம் இருக்குது." பேசிக்கொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். நானும் சாக்கோடு சாக்காக இன்னொரு தோசை வாங்கிக்கொள்வேன். அந்தச் சண்டையை இன்னொரு முறை கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். அம்மா போய்விட்டாள். நைனா வாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, படுக்கையில் இருக்கிறார்.

அவரைப் பார்த்துக்கொள்வது அமுதா. செஞ்சிக்கு அருகே வல்லத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண்; காலையில் பஸ்ஸில் வந்து நான் இங்கே செய்வதையெல்லாம் அங்கே செய்கிறாள். யாரோ ஒருவரின் அப்பாவை நான் குளிப்பாட்டுகிறேன், என் அப்பாவை அமுதா குளிப்பாட்டுகிறாள். இதை யோசித்தால் அழுகை வரும், அதனால் யோசிப்பதில்லை.

விளக்கு வந்த அதே வாரம் ஃபியோனா இன்னொரு தாளும் கொடுத்தார். இரண்டு வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால் மானியத்திலிருந்து ஒரு தொகை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தாள் கையில் கிடைத்த அன்றைக்கு வழக்கம்போல ஊருக்குப் போன் போட்டேன். அமுதா நைனாவின் முகத்தைக் காட்டிவிட்டு, போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மாசக் கடைசியோட நின்னுக்கிறேண்ணா."

அவள் போனால் நைனாவுக்கு யாருமில்லை. ராத்திரித் துணைக்கு ஆறு மணிக்கு வரும் சித்தப்பாவுக்கு வீடியோ போடக்கூடத் தெரியாது. நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"இன்னா அமுதா திடீர்னு? சம்பளம் பத்தலியா?"

"அதெல்லாம் இல்லண்ணா."

"பின்ன இன்னா? இருட்டாய்டுதுன்னு சொன்ன, ஒடனே டார்ச்லைட்டு வாங்கித் தரச் சொன்னேனே!"

அதைக் கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"டார்ச்லைட்டு இருக்குது, பஸ்ஸு இல்லியேண்ணா! ஆறு மணி பஸ்ஸ உட்டா வல்லத்துல எறங்கி ரெண்டு மைலு தனியா நடக்கணும். பெரியவருக்கு அஞ்சரைக்கே கஞ்சி ஊட்டி முடிச்சிட்றேன். அப்பால எதுக்கு ஒக்காந்துனு இருக்கேன்? ஏழு மணிக்கு நீங்க போன் பண்ணுவீங்க, மொகத்தக் காட்டணுமேன்னுதான். வூட்டுல தெனம் சண்டண்ணா."

இங்கே ஒன்றரை மணி என்றால் அங்கே ஏழு. ஒரு வருஷமாக அவளை இருட்டில் நடக்கவிட்டது நான்தான். ஃபியோனா எனக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்தார் என்று மனசுக்குள் சிரித்தேனே, நான் செய்தது மட்டும் என்னவாம்? வெட்கமாகப் போய்விட்டது.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேக்கவே இல்லியேண்ணா."

நேராக ஃபியோனாவிடம் போனேன். இந்த முறை நாங்கள் இருட்டில் சாப்பிடாதது, அமுதாவின் பஸ் என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன்: சாப்பாட்டு நேரத்தை ஐந்திலிருந்து பகல் பன்னிரண்டுக்குக் கால்மணி முன்பாக மாற்றிக் கொடுங்கள், எங்கள் ஊரில் அப்போதுதான் பொழுது இறங்கும். அவர் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கா சூரியன் மறைகிறது?" அங்கே அப்போது ஐந்தேகால் என்றேன். பிறகு விளக்கை நினைத்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். நேரத்தை மாற்றினார். அமுதா வேலையில் தொடர்கிறேன் என்றாள். கையெழுத்துப் போட்டேன். நைனாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது. இரண்டு வருஷம் என்று எழுதும்போது எண்பத்து மூன்று என்று மனசு கணக்குப் போட்டது.

முதல் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போன் போட்டேன். அமுதா கடைசிக் கரண்டி கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்தாள். "வரேண்ணா, பஸ்ஸுக்கு நேரமாய்டுச்சி." நைனாவின் தலைக்குப் பின்னால் ஜன்னலில் கோட்டை மலை. நான் பார்க்கப் பார்க்கப் பொழுது அதற்குப் பின்னால் இறங்கியது. பழக்கதோஷம், தயிர்ச்சோற்றில் வைத்த கையை எடுத்து டப்பாவை மூடிவிட்டேன்.

நைனா கண்ணைச் சுருக்கி என்னையும் என் பின்னால் இருந்த வெளிச்சத்தையும் பார்த்தார். வாதம் வந்த வாய், வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"ஏண்டா மூடிட்ட? இங்கதான் மல மூடிச்சி. நீ அந்தப் பக்கம் இருக்குற. வெளிச்சம் இருக்குது, சாப்டு."

டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நான் முடிக்கும்வரை, இருட்டிக்கொண்டு வரும் அறையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.