வயர் நுழைந்த ஓட்டை

வெர்னா கோவால்சுக்கின் கணவர் மெட்ரோ முப்பத்தோரு வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். எலி என்று யாராவது பேச்சை எடுத்தால் அன்றைக்கு அவர்கள் வீடு திரும்ப நேரமாகும். "பென்சில் நுழையுற ஓட்டை போதும், சுண்டெலி குடும்பத்தோட குடிவந்துரும்" என்பார். கனடாவின் சஸ்காட்செவனில் முதல் கடும்பனி விழுந்த மறுநாளே, முற்றத்தில் நிற்கும் சுற்றுலாக் கேரவன் வண்டியில் எலி கொறிக்கக்கூடிய சோப்பு, மெழுகுவத்தி வரைக்கும் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வண்டிக்குக் கரண்ட் போகும் வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி நிலவறையில் வைப்பார். பிறகு சரளைக்கல்லில் மல்லாந்து படுத்து, வண்டியின் அடியில் ஒவ்வொரு இடுக்கிலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிப்பார். வெர்னா டார்ச் பிடிப்பாள்.

ஆகஸ்டில் அறுவடை தொடங்கிய வாரத்தில் மெட்ரோ போய்ச் சேர்ந்தார். மகள் காலீன் வந்து, அப்பாவின் துணிகளை எல்லாம் மூட்டை கட்டிச் சர்ச்சின் பழைய துணிக் கடையில் கொடுத்துவிட்டாள். "இதப் பாத்துப் பாத்து அழுதுட்டே இருப்பியாம்மா?" நல்லதுக்குத்தான் செய்தாள். கேரவனுக்குள் கொக்கியில் தொங்கிய அவருடைய பழுப்புக் கோட்டு மட்டும் அவள் கண்ணில் படவில்லை. வெர்னாவும் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபரில் அவள் தனியாகவே எல்லாம் செய்தாள். எதிர்வீட்டு லாய்டு காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"அடியில நான் பூந்து பாக்கட்டுமா வெர்னா?"

"உன் தொப்பைக்கு ஜாக்கி வெச்சு வண்டியத் தூக்கணும். போ, நான் பாத்துக்கறேன்."

"வயரக் கழட்டலையே?"

"பேட்டரியத் தூக்க முடியல. சார்ஜ் ஏறிட்டுக் கெடக்கட்டும்."

பேட்டரி ஒரு சாக்கு. விளக்கும் சின்ன ஹீட்டரும் எரிந்தால் மத்தியானங்களில் அவள் உள்ளே போய் உட்காரலாம். கோட்டின் கழுத்துப்பட்டையில் முகத்தைப் புதைக்கலாம். டீசல், தானியத் தூசி, கொஞ்சம் வியர்வை. அது போதும் அவளுக்கு. வயர் கிடந்ததால் அது நுழையும் சின்னக் கதவை முழுசாகச் சாத்த முடியவில்லை. சுற்றிலும் நாரை அடைத்தாள். குளிரில் வயர் விறைக்கும்போது நாரை வெளியே தள்ளிவிடும் என்பது மெட்ரோவுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் அவர் வயரை ஒருநாளும் விட்டுவைத்ததில்லை.

ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி. படிகளில் பனி பாறையாக இறுகியது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் நேரே முதியோர் இல்லம்தான் என்று காலீன் போனில் மிரட்டினாள். மார்ச் கடைசியில் லாய்டு பாதையைச் செதுக்கிக் கொடுத்த பிறகுதான் வெர்னா கேரவன் கதவைத் திறந்தாள்.

நாற்றம் முகத்தில் அடித்தது. தரையெல்லாம் சூரியகாந்தி விதைத் தோல். கோட்டின் பை கிழிந்து தொங்கியது. கழுத்துப்பட்டைப் பஞ்சைப் பிய்த்து உள்ளேயே சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன.

வண்டி ஓட்டும்போது மெட்ரோ அந்த விதைகளைத்தான் கொறித்துக்கொண்டே வருவார். சோப்பை எடுத்தவள், மெழுகுவத்தியை எடுத்தவள், அந்தப் பைக்குள் மட்டும் கை விடவில்லை. கடைசியாக அதற்குள் போன கை அவருடையது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

அவள் கோட்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். லாய்டு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"மோந்து பாக்காத! எலிப் புழுக்கைத் தூசி நெஞ்சுக்குள்ள போனா ஆளையே தூக்கிரும். மெட்ரோ இருந்தா என்னையும் சேத்து உதைப்பான்."

"மெட்ரோ இருந்தா நான் எதுக்கு இத மோந்து பாக்கறேன் லாய்டு?"

லாய்டு கையை விட்டார். "நீ வீட்டுக்குப் போ, நான் சுத்தம் பண்றேன்" என்றார்.

"வேணாம். அவர் கோட்டு."

முகமூடி, கையுறை, ஒன்றுக்குப் பத்தாகக் கலந்த பிளீச்சிங் தண்ணீர். காய்ந்தபடியே பெருக்கக் கூடாது, நனைத்துப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். அதுவும் மெட்ரோ சொல்லிக்கொடுத்ததுதான். கழுத்துப்பட்டையில் அந்தத் தண்ணீரைப் பீய்ச்சும் முன் அவள் விரல் சற்று நின்றது. பிறகு பீய்ச்சினாள். பழுப்புத் துணியில் வெள்ளைத் திட்டுகள் மெல்லப் பரவின. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷமும் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கோட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள். வயரைப் பிடுங்கினாள். உள்ளே விளக்கு அணைந்தது. கம்பி நாரை உருட்டிக்கொண்டு, அந்தச் சின்னக் கதவின் முன்னால் ஈரப் பனியில் மண்டியிட்டாள்.

"லாய்டு" என்றாள், திரும்பாமல். "டார்ச்சக் கொஞ்சம் பிடி."