பெரியநாயகி மருந்தில் இனிப்புப் போட்ட நாள்

பெரியநாயகி மலாக்காவின் புக்கிட் காத்திலில் மகன் வீட்டில் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். கூட்டம் அழுது ஓய்வதற்குள் மூலையில் யாரோ சிரித்துவிட்டார். சிரித்தவரைக் குறை சொல்ல முடியாது. பெரியநாயகியைப் பற்றி எதைப் பேச ஆரம்பித்தாலும் அது மருந்தில் இனிப்புப் போட்ட அந்த நாளில்தான் போய் முடியும்.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவர் மருத்துவச்சி. காலையில் மரம் சீவிப் பால் எடுப்பார். கூப்பிட்ட நேரத்தில் பிரசவம் பார்ப்பார். ஆட்களின் பெயர் அவர் மனதில் நிற்காது; பிறந்த விதம்தான் நிற்கும். "கொடி சுத்துனவன் எங்கே காணோம்?", "அழாம பொறந்தவ வீட்ல என்ன விசேஷம்?" என்றுதான் விசாரிப்பார். கோயில் திருவிழாவிலும் அப்படித்தான், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் முன்னாலும் அப்படித்தான்.

பிள்ளை பெற்றவளுக்கு அவரே மருந்து கிண்டுவார். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, நிலவேம்பு எல்லாம் இடித்து, நல்லெண்ணெய் விட்டு உருண்டை பிடிப்பார். வாயில் போட்டால் முதலில் காது அடைக்கும். பிறகு கசக்கும். பிறகு மறுபடியும் கசக்கும். கொஞ்சம் இனிப்புச் சேர்க்கக் கூடாதா என்று கேட்டவளுக்கு ஒரே பதில்தான்: "இனிச்சா அது பலகாரம்லா. பலகாரம் திங்கவா புள்ளே பெத்தே?" உருண்டை உள்ளே இறங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இறங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்.

மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். கேட்டில் சோதனை. ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடுகூட வெளியே போக முடியாது. பெரியநாயகியின் மருந்து டின்னை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த உருண்டையைத் தின்றுவிட்டு எவனும் காட்டில் சண்டை போட மாட்டான் என்று கேட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

கேட்டில் துப்பாக்கியோடு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அதே தோட்டத்துப் பையன். பெண்களைச் சோதிக்க முனியாயி இருந்தாள். மூன்று பிள்ளைக்காரி, நாலாவது வயிற்றில். மூன்றுக்கும் பெரியநாயகிதான், மூன்றுக்கும் அந்த மருந்துதான்.

பெரியநாயகியின் மகள் சுசீலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்குத் தலைப்பிரசவம். ஒரு சாயங்காலம் மருமகன் தனபாலன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். உள்ளே வரப் பாஸ் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கத்தினான்.

"அத்தே, வலி வந்திருச்சு. நீங்க வராம பெத்துக்க மாட்டேன்னு சொல்லுது."

"அதை அவளா முடிவு பண்றது? இரு, வர்றேன்."

ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். பெரியநாயகி டின்னை எடுத்துக்கொண்டு ஓடினார். முனியாயி மூடியைத் திறந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கியவள், கையை இறக்கிவிட்டு இன்னொரு முறை மோந்தாள். கான்ஸ்டபிள் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டான். இன்னொன்றையும் போட்டான்.

"பெரியம்மா, இது நல்லா இருக்கே" என்றான், கஞ்சா கடத்தியவனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் குரலில்.

"மருந்துடா அது."

"மருந்து எப்படி நல்லா இருக்கும்? இது சாப்பாடு. சார்ஜன் வந்து பாக்கணும். காலையிலதான் வருவாரு. அதுவரைக்கும் நீங்க இங்கனயே உக்காருங்க."

"டின்னை நீயே வெச்சுக்க. என்னை விடு."

"சாப்பாடு கடத்துன ஆளை எப்படி விடறது?"

வெளியே தனபாலன், "அத்தே, மணி ஆறாவப் போவுது" என்றான். கேட்டில் சோதனைக்கு நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். முனியாயி ஓர் உருண்டையை மெல்ல மென்றாள். மெல்ல மெல்ல அவள் முகம் இருண்டது.

"பெரியம்மா, மூணு புள்ளைக்கு எனக்குக் குடுத்தீங்களே, அது இது இல்லையே."

பெரியநாயகி வேலியைப் பார்த்தார். மகள் வலியில் கிடப்பது தெரியும். இத்தனை பெண்களின் வாயைத் திறந்து பார்த்ததும் தெரியும்.

"கூலா மலாக்கா போட்டுட்டேன்" என்றார். தென்னங் கருப்பட்டி. "ரெண்டு கட்டி."

"யாருக்காக?"

"என் மவளுக்கு. அவ கசப்பு திங்க மாட்டா."

வரிசையில் ஒருத்தி, "நான் மட்டும் ஆசையாவா தின்னேன்?" என்றாள்.

முனியாயி தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இந்த நாலாவதுக்கு?"

"போடறேன்."

"ரெண்டு கட்டி?"

"ரெண்டு கட்டி. தாயே, விடு."

"மருந்துதான்டா இது" என்று முனியாயி கான்ஸ்டபிளிடம் அறிவித்தாள். "நான் சோதிச்சிட்டேன். தொறந்துவிடு."

அவன் அசையவில்லை. "நானும் ஒண்ணு கேக்கணும். இனிமே சபையில என்னைக் கால் முன்னால வந்தவன்னு கூப்புடக் கூடாது."

"சரிடா. பின்னே உம் பேரு என்ன?"

"இருளாண்டி. நீங்கதானே பெரியம்மா எடுத்தீங்க?"

"எடுத்தது நான். பேரு வெச்சது உங்கம்மா."

கேட்டு திறந்தது. டின் அங்கேயே தங்கிவிட்டது. அது காலியானதற்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. அன்று முதல் அந்தத் தோட்டத்தில் மருந்து இனித்தது. பிள்ளை பெறாத புருஷன்மார்களும் இடுப்பு வலிக்கிறது என்று வரத் தொடங்கினார்கள்.

பெரியநாயகி சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக மருமகனைத் திட்டிக்கொண்டே போனார். பள்ளத்தில் இறக்கினால் திட்டு, மெதுவாகப் போனாலும் திட்டு. சுசீலா அம்மாவைக் கண்டதும் முதலில் அழுதாள். பிறகு, ஏன் இவ்வளவு நேரம் என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். பெரியநாயகி ஏச்சை வாங்கிக்கொண்டே அவள் இடுப்பைப் பிடித்துவிட்டார். அது அவரிடம் இதற்கு முன் யாரும் பார்த்திராத வழக்கம்.

குழந்தை பிறந்தது. அழுதது. கதவுக்கு வெளியே தனபாலன் கேட்டான்.

"அத்தே, என்ன புள்ளே?"

"பேரப்புள்ளே."

"அது தெரியுது அத்தே. ஆணா, பொண்ணா?"

பெரியநாயகி துணியில் சுற்றிய குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருப்பா" என்றார். "இன்னும் பாக்கலே."