புதருக்குள் இருந்த கிணறு

திருவெறும்பூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் எங்கள் மனை. என் கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வாங்கிப் போட்டது. வாங்கியதோடு சரி, வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. போன சித்திரையில் பக்கத்து மனைக்காரர் போன் செய்தார்.

"உங்க இடத்துலேர்ந்து பாம்பா வருதுங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. சுத்தம் பண்றீங்களா, இல்ல பஞ்சாயத்துல எழுதிக் குடுக்கட்டுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே பொக்லைனுக்குச் சொல்லிவிட்டோம். எங்கள் வீடு இருக்கும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வண்டியில் போய்ச் சேரும்போது மணி எட்டு. மனையைப் பார்த்ததும் எனக்கு மலைப்பாக இருந்தது. சீமைக்கருவேலம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அதன்மேல் கோவைக்கொடி படர்ந்து உள்ளே வெளிச்சமே இல்லை. ரோட்டோரம் உடைந்த ஓடு, கிழிந்த மெத்தை, சிமென்ட் மூட்டை என்று ஊர்க்குப்பை முழுக்க எங்கள் இடத்தில்தான் கிடந்தது.

டிரைவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாதவர். மண்வாரியைத் தரையோடு தரையாக வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். வேரோடு சாய்ந்த மரங்கள் முள்குவியலாகத் திரண்டு வண்டிக்கு முன்னால் நகர்ந்தன. பதினோரு மணிக்குள் பாதி மனை வெட்டவெளியாகிவிட்டது. என் கணவர் சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அப்போதுதான் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வேகமாக வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் தழை பறிக்கிற நீளத் தொரட்டி. பின்னால் ஏழெட்டு ஆடுகள்.

"யாரும்மா மிஷின் விடச் சொன்னது? உள்ள கெணறு இருக்கே, தெரியாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கிணறா? எங்கே?"

"அந்தப் பக்கமாத்தான். சுத்துச்சுவரு எதுவும் கெடையாது, வெறும் மண்ணு. என் சினை ஆடு ஒண்ணு அதுல விழுந்து செத்துச்சு. இப்ப கொடி மூடிக் கெடக்கு."

அவள் கை காட்டிய திசையில்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குடையை வீசி எறிந்துவிட்டு ஓடினேன். வெட்டிய முள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. டிரைவருக்கு முன்னால் முள்குவியல் மலை மாதிரி நின்றதால் முன்பக்கம் போய்க் கையை ஆட்டினாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் என்னைத் தாண்டி ஓடி, தொரட்டியால் வண்டியின் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

வண்டி நின்றது. "என்னா, கண்ணாடிய ஒடைக்கிறியா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

அவள் பதில் சொல்வதற்குள் முன்னால் இருந்த முள்குவியல் மெல்ல அமிழ ஆரம்பித்தது. யாரோ கீழேயிருந்து இழுப்பது போல, கிளைகள் படபடவென்று முறிய, அத்தனை பெரிய குவியலும் எங்கள் கண்ணெதிரே மண்ணுக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து ஆழத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது.

குவியல் போன இடத்தில் வட்டமாக ஒரு கறுப்புப் பள்ளம். வண்டியின் இடது முன்சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த ஒரு முழ மண்ணிலும், கதவுக்குக் கீழேயும் விரிசல் ஓடியிருந்தது.

"இறங்கிடுங்க தம்பி! வண்டி போனாப் போகட்டும்!" என்றேன்.

"எப்படிங்க எறங்குறது? இந்தக் கதவு ஒண்ணுதான் தொறக்கும். கால வச்சா அந்த விரிசல் மேலதான் வைக்கணும்." அவர் முகம் வெளுத்திருந்தது. "ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி."

நாங்கள் பின்வாங்கினோம். அந்தப் பெண் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். டிரைவர் மண்வாரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். பின்சக்கரம் ஒரு முறை சுழன்று புழுதியைக் கிளப்பியதே தவிர வண்டி நகரவில்லை. முன்சக்கரம் இருந்த பக்கம் லேசாகச் சரிந்தது. இரண்டாவது முறை வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் வந்தது. அது நின்றிருந்த இடத்து மண் பொதபொதவென்று உள்ளே விழுந்தது.

ரோடு வரை வந்துதான் அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கித் தரையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது. "வீட்ல எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்றார்.

என் கணவர் பொட்டலங்களோடு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"மூடிட்டோம்னுதானே சொன்னாங்க" என்றார்.

"யார் சொன்னா?"

"வித்தவங்க. வாங்கும்போதே கேட்டேன்."

"அப்போ கிணறு இருந்தது உங்களுக்குத் தெரியும்."

"உன்கிட்ட சொல்லியிருந்தா வாங்க விட்டிருப்பியா?"

காலையில் வண்டி உள்ளே இறங்கும்போது அவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறந்தே போயிருந்தாரா, அல்லது ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டாரா? கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என் தப்புதான் தம்பி" என்றார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அந்த டிரைவர் வரவில்லை, வேறொருவர் வந்தார். தூரத்தில் நின்றே கிணற்றில் செம்மண்ணையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டி நிரப்ப மூன்று நாள் ஆனது. நான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, மண் மேலே வரும்வரை கூடவே நின்றேன்.

கடைசி நாள் அந்தப் பெண் ஆடுகளோடு வந்து பார்த்தாள். தின்பதற்குக் கருவேல நெற்று உதிர்கிற மரம் ஒன்றுகூட இல்லாத வெறும் மனையில் ஆடுகள் சும்மா சுற்றி வந்தன.

"இனிமே எங்கே மேய்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"ரயில்வே லைனுக்கு அந்தாண்ட போவணும்" என்றாள். பிறகு மண்மேட்டில் ஏறி நின்று, காலால் இரண்டு மூன்று தடவை அழுத்தி மிதித்துப் பார்த்தாள். "நல்லா கெட்டிச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.