ஏழாம் நம்பர் இலந்தை

நிறஞ்சலாவின் வேலியில் நின்ற இலந்தை முள்ளில் உடுப்புக் கிழியாதவர்கள் மீன்பிடிக் கரையூரான பள்ளிமுனையில் குறைவு. கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கும் மெஷினும் அதே வீட்டு விறாந்தையில்தான் இருந்தது. "உந்த மரத்தைத் தறிச்சால் என்ன?" என்று யாராவது கேட்டால், "அது என்ர தொழில் பங்காளி எல்லோ" என்பாள் வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலே.

நாற்பத்தாறு வயது. கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். யாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தால் அப்படியே நடித்துக் காட்டுவாள். சுவாமியாரைக்கூட விட்டு வைக்கவில்லை. கணவன் பெனடிக்ற் படகு எஞ்சின் திருத்துபவர், அதிகம் வாய் திறக்காத மனிதர். மனைவி ஏதோ குறும்பு செய்யப்போகிறாள் என்பது மட்டும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்குக் காலையில் அவள் அளவுக்கு மிஞ்சிய மரியாதையோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினாறில் தாராபுரத்திலிருந்து அவளுடைய சிநேகிதி நூர்ஜஹான் சட்டை தைக்கக் கொடுக்க வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பெரிய இலந்தைப்பழம். அவள் தம்பி எங்கோ வாங்கி நட்ட ஒட்டு மரத்தில் காய்த்தவை. ஒவ்வொன்றும் கோழி முட்டை அளவு, பச்சைப் பளபளப்பு. நிறஞ்சலா ஒன்றைக் கடித்து, மென்று, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"என்ன, நல்லா இல்லையா?" என்று கேட்டாள் நூர்ஜஹான்.

"தண்ணியில சீனி கரைச்ச மாதிரிக் கிடக்கு. வாசம் எங்க?"

"வாசம் வேணுமெண்டா உங்கட வேலிப் பழத்தைத் தின்னுங்க. பல்லுக் கூசிச் செத்துப் போவீங்க."

அதுவும் உண்மை. வேலி இலந்தை பழுத்தால் தெரு முழுக்க மணக்கும். ஆனால் பழம் சுண்டுவிரல் நுனியளவு, அதில் முக்கால்வாசி கொட்டை, மிச்சம் புளிப்பு. அன்று பின்னேரம் முழுக்க நிறஞ்சலா சட்டையை வெட்டாமல் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டில் பெனடிக்றிடம், "ரெண்டுக்கும் கலியாணம் செய்து வைக்கப் போறன்" என்றாள். யாருக்கு என்று கேட்காமல் அவர் சொதியை ஊற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை எடுப்பது இலேசாக இல்லை. நூர்ஜஹானின் தம்பி கொடுத்த முதல் ஒட்டுக் கன்று கிணற்றின் உவர்த் தண்ணீரில் ஒரு மாதத்தில் கருகியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெட்டிய பிளாஸ்ரிக் பீப்பாயில் நட்டு, மழைத் தண்ணீரைச் சேமித்து ஊற்றி வளர்த்தாள். இரண்டு வருடத்தில் அது பூத்தது. பூத்துப் பூத்து உதிர்ந்தது. பக்கத்திலேயே வேலி மரமும் பூத்து நிற்க, இரண்டுக்கும் நடுவே தூது போக ஒரு பூச்சியும் இல்லை. இலந்தைப் பூவுக்குத் தேனீயைவிட ஈதான் அதிகம் வரும் என்பதை ஃபோனில் ஒரு வீடியோவில் பார்த்தாள். ஈக்கு என்ன பிடிக்கும் என்று பள்ளிமுனையில் யாரும் வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

மீன் குடலைச் சின்னச் சின்ன நைலோன் வலைப் பைகளில் போட்டு, இரண்டு மரங்களிலும் இலைக்குள் மறைத்துக் கட்டினாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு றெனால்ட் மூக்கில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மீன் வியாபாரிதான், ஆனால் துப்புரவில் பைத்தியம். கோயில் வளவில் ஒரு சருகு கிடந்தாலும் கூட்டம் போடுவார். "நிறஞ்சலா, எங்கயோ பூனை செத்துக் கிடக்குது. உமக்கு மணக்கேல்லையோ?"

"ஓம் அண்ணை, எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. வாங்கோ தேடுவம்."

இரண்டு பேரும் காலை முழுக்கத் தேடினார்கள். ஊத்தைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் தடி விட்டுக் கிளறினார்கள். நிறஞ்சலா மிகுந்த அக்கறையோடு, "உங்கட தண்ணித் தாங்கிக்குள்ள பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். அவர் முகம் வெளிறிப்போய் ஏணியை எடுத்தார். அன்று தாங்கி முழுவதையும் இறைத்துக் கழுவினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டவளும் நிறஞ்சலாதான்.

ஞாயிற்றுக்கிழமை குட்டு வெளிப்பட்டது. வெள்ளைச் சேட்டோடு பூசைக்குப் புறப்பட்ட றெனால்டின் தோளில் ஒரு காகம் வலைப் பையைப் போட்டுவிட்டுப் போனது. அவர் பையைப் பார்த்தார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பிறகு விறாந்தையில் நின்ற நிறஞ்சலாவைப் பார்த்தார்.

"தாங்கியைக் கழுவ வைச்சீரே!"

"கழுவினது நல்லதுதானே அண்ணை. நாலு வருச ஊத்தை கிடந்தது."

அவர் அந்த மாரி முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் பீப்பாய் மரத்தில் முதல் தடவையாகக் காய் பிடித்தது. அறுபத்து மூன்று பழங்கள். எந்த ஈ எங்கேயிருந்து வந்து உட்கார்ந்தது என்று யாருக்குத் தெரியும்? முளைக்க வைத்துப் பார்க்க வேண்டியதுதான். கொட்டைகளை மெதுவாகத் தட்டி, தயிர்க் கப்புகளில் விதைத்தாள். நாற்பத்தொன்று முளைத்தன. அவை ஒரு சாண் வளர்ந்ததும் கிணற்று உவர்த் தண்ணீரோடு கொஞ்சம் கடல் தண்ணீரும் கலந்து ஊற்றத் தொடங்கினாள்.

பெனடிக்றுக்கே பொறுக்கவில்லை. "பெத்த பிள்ளையளுக்கு ஆரும் உப்புத் தண்ணி குடுப்பினமோ?"

"இஞ்ச சீவிக்கிறதெண்டால் பழகத்தானே வேணும்."

கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. வாடிய கன்றை மற்றவர்கள் காணுமுன் பிடுங்கிவிடுவாள். பதினொன்று தப்பின. அவற்றை வளவில் நட்டு, தகரத் துண்டுகளில் நம்பர் எழுதிக் கட்டினாள். ஊரடங்குக் காலத்தில் தையலும் இல்லை, பாட்டும் இல்லை. பதினொரு மரங்களோடும் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு தொடக்கத்தில் எல்லாம் காய்த்தன. ருசி பார்க்கப் பாடகர் குழுவைப் பிடித்தாள். பயிற்சிக்கு முன் ஆளுக்கொரு பழம் கொடுத்து, எந்த மரம் என்று சொல்லாமல், முகத்தை மட்டும் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். 'மூன்று: ஒரு கண் மூடியது. ஐந்து: துப்பப் பார்த்து, சுவாமியைக் கண்டு விழுங்கியது. ஒன்பது: பாட்டு வரவில்லை.' ஏழாம் நம்பரைத் தின்றவர்கள் முகம் ஒன்றும் செய்யவில்லை. கையை மட்டும் திரும்ப நீட்டினார்கள். பழம் பெரிய எலுமிச்சை அளவு, சின்னக் கொட்டை, கடித்தால் வேலி மரத்தின் அதே மணம். முள்ளும் அங்கொன்று இங்கொன்றுதான்.

அதற்குப் பிறகுதான் களவு தொடங்கியது. மற்ற மரங்களில் பழம் அப்படியே இருக்க, ஏழில் மட்டும் தினமும் நாலைந்து குறைந்தன. நிறஞ்சலா சத்தம் போடவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், வாய்ப்புண்ணுக்குப் பூசும், கழுவினாலும் இலேசில் போகாத ஊதா மருந்தை எடுத்து, பழங்களைத் தொடாமல் காம்புகளிலும் கொப்புகளிலும் மட்டும் தடவிவிட்டாள். மறுநாள் காலை பெனடிக்றுக்கு மரியாதையான தேத்தண்ணி கிடைத்தது. "இண்டைக்கு ஆருக்கு?" என்று கேட்டார் அவர்.

பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தது. பாடகர் குழு உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தது. றெனால்ட் பக்தியோடு வந்து இரண்டு கைகளையும் ஏந்தினார். பத்து விரலும் கத்தரிக்காய் நிறம். சுவாமி ஒரு கணம் தயங்கினார். நிறஞ்சலாவின் இரண்டாம் குரல் நின்றுபோனது, பிறகு முதற்குரலும். ஓர்கன் மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது.

பூசை முடிந்து வாசலில் றெனால்ட் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றார். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

"அண்ணை, மற்ற மரங்களிலயும் பிடுங்கித் திண்டனீங்களோ?" என்று கேட்டாள் நிறஞ்சலா.

"ஓம்" என்றார் நிலத்தைப் பார்த்து. "எல்லாத்திலயும் ஒவ்வொண்டு."

"பிறகேன் ஏழாம் நம்பரையே சுத்திச் சுத்தி வந்தனீங்கள்?"

அவர் தலை நிமிர்ந்தது. "மற்றதெல்லாம் பழமே? அது ஒண்டுதான் பழம். சத்தியமாச் சொல்லுறன், உம்மில இருந்த கோபத்தில ரெண்டு தரம் விட்டிட்டு இருக்கப் பாத்தனான். ஏலாமப் போச்சு."

இதைவிட நல்ல சான்றிதழை அவள் எங்கே போய் வாங்குவாள்? அங்கேயே கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதினாள். அந்த வருடம் மிஞ்சிய பழத்தில் பாதி றெனால்ட் வீட்டுக்குப் போனது, இந்த முறை வாசல் வழியாக.

நானாட்டானிலிருந்து விவசாய உத்தியோகத்தர் ஜெயந்தினி வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அக்கா, இது அருமையான மரம். ஆனா புது இனம் எண்டு இப்பவே சொல்லேலாது. இதின்ர முளைக் கண்ணை எடுத்து வேற இடங்களில ஒட்ட வேணும். அங்கயும் இதே பழம் வரவேணும்."

"வராட்டி?"

"வராட்டி உங்கட வளவில நிக்கிற நல்ல மரம். அவ்வளவுதான்."

தாராபுரத்தில் நூர்ஜஹான் வீட்டில் ஒட்டியது அச்சுப் பிசகாமல் அதே பழத்தைக் கொடுத்தது. நானாட்டான் வயற்கரையில், நல்ல மண்ணிலும் குளத்துத் தண்ணீரிலும் மரம் கொழுத்து வளர்ந்து, சப்பென்ற பழத்தைத் தந்தது. ஜெயந்தினி கவலையோடு ஃபோன் எடுத்தாள். நிறஞ்சலா சிரித்துவிட்டாள். "அது வசதி கூடினா மறந்து போற சாதி, பிள்ளை. கரையோரத்துக்கு மட்டும் எண்டு எழுதும்." புது இனமாகப் பதியும் படிவத்தில் 'பள்ளிமுனை ஏழு' என்று பெயர் போனது. சந்தையில் அதைக் 'கள்ளன் பழம்' என்று கேட்டு வாங்குகிறார்கள். றெனால்டும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்.

படிவம் இன்னும் விவசாயக் கந்தோரில் கிடக்கிறது. நிறஞ்சலா அதற்காகக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் பெனடிக்றின் மோட்டர் சைக்கிளில் பின்னால் ஏறி, தலைமன்னார் வீதியோரம் ஆளில்லாக் காணிகளில் நிற்கும் காட்டு இலந்தைகளுக்குப் போகிறாள். ஈரத்துணியில் சுற்றிய ஏழாம் நம்பர்க் கொப்பு, ஒரு பிளேட், பிளாஸ்ரிக் நாடா. பட்டையை ஆங்கில T வடிவில் கீறி, கண்ணைச் செருகிக் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். இதுவரை முப்பத்தெட்டு.

போன கிழமை ஒரு இராணுவக்காரப் பெடியன் சைக்கிளை நிறுத்தி, தெரிந்த தமிழில் கேட்டான்: "அம்மா, மரத்துக்கு என்ன செய்யிற?"

"தடுப்பூசி, மகன்" என்றாள் நிறஞ்சலா, நாடாவை இறுக்கிக்கொண்டே.

அவன் மரத்தை ஒருமுறை, பெனடிக்றை ஒருமுறை பார்த்தான். பெனடிக்ற் மிகவும் சீரியஸாகத் தலையாட்டினார். அவன் வேலிக்கு அப்பால் நின்ற இன்னொரு இலந்தையைக் காட்டி, "அதுக்கு இன்னும் போடேல்ல" என்றான்.