நான் அடித்துவிட்ட சொல்

எக்ஸ்க்ரூஷியேட்டிங். தாங்கவே முடியாத வலியைச் சொல்லும் ஆங்கிலச் சொல். இண்டூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் நான், ஒரு திங்கட்கிழமை அதைக் கரும்பலகையில் எழுதினேன். பாடத்தில் இல்லாத சொல். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் எழுதினேன். லத்தீனில் சிலுவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, சிலுவையில் அறைந்த மாதிரி வலித்தால் மட்டும்தான் போட வேண்டும், தலைவலி பல்வலிக்கெல்லாம் போட்டால் தப்பு என்று பெரிய பண்டிதனைப் போல விளக்கினேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு லீவு லெட்டர் என்றால் ஒரே வாக்கியம்தான்: ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான், தக்காளி பறிக்கப் போனாலும் காய்ச்சல்தான். அதை வைத்து நான் கிண்டலடிக்காத நாள் இல்லை.

வியாழக்கிழமை முதல் பீரியடில் ஒரு மாணவி லெட்டரை நீட்டினாள். அதிகம் வாய் திறக்காத பெண். வயிற்றில் எக்ஸ்க்ரூஷியேட்டிங் வலி, வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகூட இல்லை. என் சொல்லை எடுத்து என்னிடமே கதை விடுகிறாளா என்று எனக்குச் சுருக்கென்றது. லெட்டரை வகுப்புக்கே வாசித்துக் காட்டினேன்.

“உன்னயச் சிலுவையில ஏத்திட்டாங்களா?”

வகுப்பே சிரித்தது.

“நெசமாலுமே அப்படித்தானுங்க சார் வலிக்குது,” என்றாள்.

சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, போய் உட்காரச் சொன்னேன்.

மத்தியானம் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். தருமபுரியில் அன்றைக்கே குடல்வால் ஆபரேஷன். வெடிக்கிற நிலையில் இருந்ததாம். பாலக்கோடு தக்காளி மண்டியிலிருந்து ஓடிவந்த அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க மட்டும் வண்டிய கூப்புடலன்னா எம்புள்ள இல்லீங்க சார்.”

காலையில் நடந்ததை நான் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து வந்தாள். வராத நாள்களுக்கான லீவு லெட்டரை மேசைமேல் வைத்தாள். ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.

“ஆபரேஷன்னு எழுதலாமே பாப்பா?”

“இத அடிக்க மாட்டீங்கல்லங்க சார்,” என்றாள், தரையைப் பார்த்தபடி.

மன்னித்துவிடு என்று வாய்வரை வந்தது. வகுப்பு முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.