கொத்தமல்லிக்குப் போன ஐந்து ரூபாய்

குமாரபாளையத்தில் ராமாத்தாளின் கண்ணுக்குத் தப்பி ஒரு லுங்கி வெளியே போய்விட முடியாது. துணிக்கூடம் ஒன்றில் அவளுக்குச் செக்கிங் வேலை. தறியிலிருந்து வந்த துணியை மேசைமேல் இழுத்துவிட்டுப் பார்ப்பாள். அறுந்த இழையோ, எண்ணெய்க் கறையோ, தடித்த முடிச்சோ, பார்வை நேராக அங்கேதான் போய் நிற்கும். சின்னக் குறை என்றால் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் எடுத்து அங்கேயே சரிசெய்துவிடுவாள். சரிசெய்ய முடியாததென்றால் துணியின் கரையோரம் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவாள். வாங்குகிறவன் நூலைப் பார்த்ததும் அந்த இடத்தில் பழுது என்று தெரிந்துகொள்வான். நூல் கட்டாமல் பழுதைத் தள்ளிவிடுவது அந்த வேலையில் திருட்டுக்குச் சமம்.

இந்தக் கண் மேசையை விட்டு எழுந்தாலாவது சும்மா இருக்குமா? அதுதான் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரியின் புடவையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கிள்ளப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். ஆனாலும் திருந்தவில்லை.

புருஷன் தண்டாயுதபாணி தறி ஃபிட்டர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே பைத்தியம் காசு சேர்ப்பது. அதுவும் செலவழிக்கக் கூடாத காசு! புத்தம்புதுக் காசுகளை அட்டைக் குழிகளில் வரிசையாகப் பதித்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டித் தொகுப்பாக விற்கிறார்களே, அதைத் தபாலில் வரவழைத்து பீரோவில் அடுக்குவார். சேலத்தில் இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. கூட்டத்துக்குப் போனால் பாணி கடைசி வரிசை. மற்றவர்கள் அரிய காசுகளைக் காட்டும்போது கைதட்டிவிட்டு வருவார். நம்மிடம் காட்ட ஒன்றுமில்லையே என்ற ஏக்கம் மனிதரை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு அதிர்ஷ்டம் தபாலில் வந்தது. இரண்டு ரூபாய் என்று அச்சடித்த குழியில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. அந்தத் தொகுப்பில் ஐந்து ரூபாய் இரண்டு, இரண்டு ரூபாய் இல்லவே இல்லை. அடுக்கியவர் யாரோ கைதவறிப் போட்டது. காசு சேர்ப்பவர்களுக்கு இந்த மாதிரித் தப்புதான் வெல்லக்கட்டி. ஆனால் ஒட்டுப் பிரியாத வரைக்கும்தான் அதற்கு மரியாதை. பிரித்துவிட்டால், நீயே மாற்றி வைத்திருப்பாய் என்று சொல்லிவிடுவார்கள். சங்கத் தலைவர் ஜீவாவுக்கு பாணி உடனே போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நடு மேசையே உங்களுக்குத்தான் என்றார் ஜீவா. கால் தரையில் பாவாமல் திரிந்த பாணி, வீட்டுக்காரியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பேரோடு திரும்பி வந்து சொல்லலாம் என்று நினைப்பு.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே ராமாத்தாள் பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, உங்க காசு அட்டையில ஒரு காசை மாத்திப் போட்டிருந்தானுங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? சாமணத்துல பக்குவமாப் பிரிச்சு, ரெண்டு ரூவா ஒண்ண விபூதி போட்டுத் தேச்சு வெச்சு, திரும்ப ஒட்டிப்போட்டனுங்க. இப்ப ஒரு தப்பு கிடையாது, பாருங்க."

பாணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அந்த அஞ்சு ரூவா எங்க?"

"கொத்தமல்லிக்குக் குடுத்துட்டனுங்க. ரசத்துல மணக்குதில்லீங்களா?"

பாணி ரசத்தைப் பார்த்தார். பிறகு விஷயத்தை மெல்லச் சொன்னார். இரண்டு சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனிதர் "செரி, உடு புள்ள" என்று கை கழுவ எழுந்துவிட்டார்.

அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை ராமாத்தாள். "பழையபடி வெச்சுத் தாரனுங்க" என்று வீட்டுச் சில்லறையைக் கொட்டி, பளபளப்பான ஐந்து ரூபாய் ஒன்றைப் பொறுக்கி, புளி போட்டுத் தேய்த்தாள். அட்டையைத் திரும்பப் பிரித்து அதே குழியில் பதித்து, இஸ்திரிப்பெட்டியின் இளஞ்சூட்டில் ஒட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பாணி திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். சங்ககிரி தாண்டியும் அவர் பையைத் திறந்து திறந்து அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளுக்கும் உட்கார இருப்புக் கொள்ளவில்லை. நூல் கட்டாத பழுது ஒன்று அவர் மடியில் இருந்தது.

மண்டபத்தில் ஜீவா பூதக்கண்ணாடியை வைத்து அட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசி வரிசைக்காரரை அன்றைக்குத்தான் எல்லோரும் முகம் பார்த்தார்கள்.

"அடேங்கப்பா! அருமைங்க பாணி. இத யாரும் பிரிக்கலீங்களே?"

பாணியின் காது சிவந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் பொய் சொல்லத் தயாராவதை ராமாத்தாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்தப் பொய்யைச் செய்து கையில் கொடுத்ததே தான்தான் என்பது அவளைச் சுட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டி அட்டையை எடுத்தாள். பர்ஸில் எப்போதும் கிடக்கும் சிவப்பு நூலை உருவி, அட்டையின் மூலை ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டாள்.

"என்னுங்கம்மா இது?" என்றார் ஜீவா.

"எங்க செக்கிங்ல பழுது இருக்கற எடத்துல கட்டுவமுங்க. இத நாந்தான் பிரிச்சனுங்க. உள்ள இருக்கறதும் நான் வெச்ச காசுதான். அவுரு மேல தப்பில்லீங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜீவா மரியாதையானவர். அட்டையைப் பதமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடு மேசைக்கு வேறொருவரின் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாணி, ஊர் நெருங்கும்போது அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கட்டாம இருந்திருந்தா, ஆமாங்கன்னு சொல்லியிருப்பேன் புள்ள. அப்புறம் அந்தச் சங்கத்துல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அந்த நூல ஊட்டுக்குப் போனதும் அவுத்துடறனுங்க."

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இறங்கியதும் பாணி நேராக, ராமாத்தாள் கொத்தமல்லி வாங்கும் காய்கறி வண்டியைப் பார்த்து நடந்தார். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கினார். மீதியாக ஒரு ஐந்து ரூபாய்க் காசு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அதே காசுங்களா?" என்றாள் ராமாத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இல்ல" என்றார். காசை வண்டிக்காரனிடமே நீட்டி, "இன்னொரு கட்டு போடுங்க" என்றார்.