களவா வயிற்றில் கிடைத்த பாம்பு விலாங்கு

ஆரணிக்கும் கடலுக்கும் ஐஸ் பெட்டிதான் உறவு. அப்படி வந்த பெரிய களவா மீன் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்தேன். குடலுக்கு வெளியே, விலா எலும்போடு ஒட்டிக் கிடந்தது அந்தப் பாம்பு விலாங்கு. மாமியார் அலறினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

விலங்கியல் ஆராய்ச்சியைக் கல்யாணத்துக்காகப் பாதியில் விட்டவள் நான். இந்த விலாங்குகள் எனக்குப் பழக்கம். வெப்பக் கடலின் மணலில் உடம்பைப் புதைத்துத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வால் முனை கெட்டி. அதைக்கொண்டு பின்பக்கமாகவே மணலைத் துளைத்து இறங்கும். பெரிய மீன் விழுங்கினாலும் சும்மா இருக்காது. அதே வாலால் இரைப்பையைக் குத்தி வெளியே வரும். வந்து என்ன பயன்? அங்கே கடல் இல்லை, இன்னொரு சுவர்தான். அங்கேயே செத்துப்போகும். படிக்கிற காலத்தில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சென்னையில் இருக்கும் என் பழைய ஆராய்ச்சிப் பேராசிரியருக்குப் படம் அனுப்பினேன். மூக்கும் பல்லும் தனக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றார். முழுசாகக் கொண்டுவந்தால் ஆராய்ச்சியை மறுபடி தொடங்கலாம் என்றார். கணவர் 'பாம்பாட்டி' என்று கிண்டல் செய்தாலும், சென்னைக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். சமையலறையில் வைக்கக்கூடாது என்றார் மாமியார். கண்ணாடி ஜாடியில் போட்டு, கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றி, கணவரின் அண்ணனுடைய பட்டுச் சாயப்பட்டறையில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முகூர்த்தப் புடவைக்குச் சாயம் கொதிக்கும்போது அந்த அண்ணனுக்கு, சாயம் பிடிக்க ஊற்றும் ஆசிட் தீர்ந்துவிட்டது. ஆசிட்டை மூக்காலேயே கண்டுபிடிக்கிற மனிதர். ஜாடியைத் திறந்தார், நெடி ஏறியது, சாயத்தில் ஊற்றிவிட்டார். ஆசிட்டிலிருந்து எடுத்த பட்டு நூலை மூன்று தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவார்கள். இதுவும் ஆசிட்டில் ஊறியதுதானே என்று விலாங்குக்கும் அதையே செய்திருந்தார். நூலுக்குப் பக்கத்தில், மூங்கில் கழியில், நேராக நீவித் தொங்கவிட்டிருந்தார்.

சென்னைக்குக் கிளம்பும் காலை ஜாடியை எடுக்கப் போனேன். தலையைப் பூனை தின்றிருந்தது. மூக்கும் இல்லை, பல்லும் இல்லை. மிச்சத்தைத் தொட்டதும் வால் ஒடிந்து கையோடு வந்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இனி படிப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது, அழுகைகூட வரவில்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை, அவ்வளவு பக்குவமாகச் செய்திருந்தார்.

"நல்லா அலசிதாம்மா போட்டேன். எதுக்கு அத்த வெச்சிகினு இருந்த?" என்று கேட்டார்.

"சும்மாதான் மாமா" என்றேன்.

அவருக்கு முகம் தெளிந்தது. "நான்கூட பயந்துட்டேம்மா" என்றார்.